ஆள் இல்லாத வாக்கியம்

பெற்றவர்கள் அவளுக்கு வைத்த பெயர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லாருக்கும் அவள் கமா அக்கா. ஒருமுறை அவளைத் தேடி வந்த தங்கை உண்மைப் பெயரைச் சொல்லிக் கேட்டதற்கு, "அப்படி யாரும் இங்க வேலை செய்யலையேம்மா" என்று வாசல் காவலாளி கையை விரித்துவிட்டார். "கண்ணாடி போட்டிருப்பாங்க, இங்கிலீஷ் லெட்டர் எல்லாம் பாப்பாங்க" என்று தங்கை இழுத்த பிறகுதான், "அட, கமா அக்காவா! அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன" என்று கதவைத் திறந்தார்.

அந்தப் பெயர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஒட்டிக்கொண்டது. கிடங்கில் மழைத்தண்ணீர் புகுந்த சேதி கேட்டு, வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் தன் சரக்கு என்ன ஆயிற்று என்று பதறிக் கடிதம் எழுதியிருந்தார். ஒரு பெட்டிகூடச் சேதமாகவில்லை என்று பதில் தயாரானது. ஆனால் தட்டச்சு செய்தவர் 'நோ' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கமாவைப் போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அந்த ஒரு கமா விழுந்ததும் வாக்கியம் தலைகீழாகிவிட்டது: "இல்லை, பெட்டிகள் சேதமாகிவிட்டன." கடிதம் உறைக்குள் போய், உறை கூரியர் வண்டிக்குள் போன பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடி வண்டியை மறித்து, பையைப் பிரிக்கச் சொல்லி, உறையைக் கிழித்து, பிளேடால் அந்தக் கமாவைச் சுரண்டி எடுத்தாள். கமாவை எடுத்ததற்காகக் கமா என்று பெயர் வைத்தார்கள். உலகம் அப்படித்தான்.

அப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு. அதற்கு முன் எட்டு வருஷம் ஒரு டைப்பிங் கடையில் வக்கீல்களுடைய காகிதங்களை அடித்துக்கொண்டிருந்தாள். அடித்து அடித்தே எந்த வாக்கியம் நேராக நிற்கும், எது நொண்டும் என்பது விரலுக்குத் தெரிந்துபோயிற்று. பேசச் சொன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். தொழிற்சாலையில் வேலைக்கு எடுக்கும்போது இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே ஒரே விஷயத்தைச் சொல்லும் நாலு ஆங்கில வாக்கியங்கள். தெளிவும் இலக்கணமும் சரியாக இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்தொன்பதுக்குச் சரியாகக் குறித்தாள். இருபதாவதில் எதையும் குறிக்காமல், நாலும் சரியில்லை என்று ஓரத்தில் எழுதி, கீழே தானாக ஐந்தாவதாக ஒரு வாக்கியத்தை எழுதி வைத்தாள். அன்றைய மேனேஜர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நாளைக்கே வந்துடும்மா" என்றார்.

அது நடந்து இருபத்து மூன்று வருஷம். மேனேஜர்கள் நாலு பேர் மாறினார்கள். அவள் மேசை மாறவில்லை. மாடிப்படி ஏறி முடிகிற இடத்தில், குடிநீர்க் குழாய்க்கும் கோப்பு அலமாரிக்கும் நடுவில் அந்த மேசை. நேர் கீழே மெஷின் தளம். காலையில் உட்கார்ந்த கையோடு தரையின் அதிர்வு உள்ளங்காலில் ஏறும். எந்த மெஷின் ஓடுகிறது, எது நின்றிருக்கிறது என்பதைக் காலை வைத்தே சொல்லிவிடுவாள். படியேறி வருகிற ஒவ்வொருவரும் தண்ணீர் குடிக்கும் சாக்கில் ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். "அக்கா, ஒரு நிமிஷம்." ஒரு நாளைக்கு எண்பது ஒரு நிமிஷங்கள்.

வருகிற காகிதங்களில் கூத்துக்குக் குறைவில்லை. "பிளாஸ்டிக் உறையில் நன்றாகச் சுற்றப்பட்ட எங்கள் விற்பனை அதிகாரியுடன் மாதிரிப் பெட்டிகளை அனுப்புகிறோம்" என்று ஒரு கடிதம். "ஊழியர்கள் சாப்பிட்டபின் மேசையில் விடப்படக் கூடாது" என்று ஓர் அறிவிப்பு. முதல் சில வருஷங்கள் இதையெல்லாம் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பு வற்றிவிட்டது. விற்பனை அதிகாரியைப் பிளாஸ்டிக்கிலிருந்து பிரித்து பெட்டியைச் சுற்றி அனுப்புவாள், அவ்வளவுதான். மாலையில் கண்ணாடியைக் கழற்றினால் மூக்கின் இரு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும். வலது தோள் மரத்துப்போயிருக்கும்.

வீட்டிலும் ஓய்வு கிடையாது. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு வேலை விண்ணப்பம், எதிர்வீட்டுக்காரருக்கு விசா கடிதம் என்று யாராவது வந்து நிற்பார்கள். அவள் கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். முட்டி வலியால் மாடிப்படி ஏறும் வேலைகளை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையிலேயே பழைய ஃப்ரிட்ஜுகளைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். "வாசல்ல ஒரு போர்டு மாட்டிடலாம்டி. இந்தப் பக்கம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர், அந்தப் பக்கம் இங்கிலீஷ் ரிப்பேர்" என்பார். "ரெண்டும் ஆறிப்போன சமாச்சாரம்தான்" என்பாள் அவள்.

விபத்து நடந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு. சத்தம் எதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. காலுக்கடியில் தரை சட்டென்று அடங்கியது. ஒரு மெஷின் நின்றால் தெரியும். இது எல்லா மெஷின்களும் ஒன்றாக நின்ற அமைதி. பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். கீழே கட்டிங் மெஷினைச் சுற்றி ஆட்கள் கூடியிருந்தார்கள். ஆபரேட்டரை இரண்டு பேர் கைத்தாங்கலாக வாசலுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். இடது கையில் யாரோ ஒரு சட்டையைச் சுற்றியிருந்தார்கள். அவர் அழவில்லை. "மெஷினை ஆஃப் பண்ணிட்டீங்களா, ஆஃப் பண்ணிட்டீங்களா" என்று மட்டும் கேட்டுக்கொண்டே போனார். இரண்டு விரல்கள் போய்விட்டன.

கட்டிங் மெஷினில் கத்தி சுழலும் இடத்துக்கு மேலே ஓர் இரும்பு வலை மூடி இருக்கும். அதை மாட்டியிருந்தால் கை உள்ளே போகாது. ஆனால் கனத்த அட்டை ஓடும்போது மூடியில் உரசி அடிக்கடி சிக்கும். ஒவ்வொரு முறையும் மெஷினை நிறுத்தி, நாலு போல்ட்டைக் கழற்றி, அட்டையை எடுத்து, திரும்ப மாட்ட வேண்டும். அன்று மூடி காலையிலிருந்தே சுவரில் சாய்ந்து நின்றது. கீழே இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். அவளுக்கும் அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் மேனேஜர் தானே அவள் மேசைக்கு வந்தார். கண்ணெல்லாம் சிவந்து, தூங்கி நாலு நாள் ஆனவர் மாதிரி இருந்தார். தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பும் விபத்து அறிக்கை கையில் இருந்தது.

"மேடம், நடந்ததைச் சொல்ற வாக்கியம் மட்டும் இடிக்குது. நாலு விதமா எழுதிக் குடுத்திருக்காங்க. எது தெளிவா, கிராமரோட இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

பார்த்தாள். முதல் வாக்கியத்தில், சிக்கிய அட்டையை ஆபரேட்டர் எடுக்கவில்லை, விரல்களே எடுக்கப் போனதுபோல இருந்தது. இரண்டாவது ஐந்து வரி நீளம். வினைச்சொல்லைத் தேடிப் பிடிப்பதற்குள் மூச்சு முட்டியது. மூன்றாவதில் காலம் குழம்பியிருந்தது. நாலாவது சுத்தமாக இருந்தது: "மூடி கழற்றப்பட்டிருந்தது, ஆபரேட்டர் சிக்கிய அட்டையை எடுக்கக் கையை உள்ளே விட்டபோது அவருடைய இரண்டு விரல்கள் துண்டாயின." ஆங்கிலத்தில் ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூடியைப் பற்றிய வினை 'ஹேட் பீன் ரிமூவ்ட்' என்று மூன்றே சொற்களில் முடிந்திருந்தது.

"நாலாவது, சார். ஆனா கழட்டினது யாருன்னு இல்லையே?"

மேனேஜர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "கிராமர்படி அது கட்டாயமா வேணுமா மேடம்?"

"கட்டாயம் இல்ல."

"அப்ப விட்டுடுங்க."

மணி ஐந்தரை. அன்றைக்கு மட்டும் அறுபது காகிதம் பார்த்திருந்தாள். கண் எரிந்தது. இருபத்தெட்டு வயதாக இருந்திருந்தால் ஐந்தாவதாக ஒன்றை எழுதி நீட்டியிருப்பாள். நாலாவதற்கு நேராக ஒரு டிக் போட்டு, வழக்கம்போல ஒரு கமாவை இடம் மாற்றி, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மூன்று வாரம் கழித்து, மதியம் ஒரு பெண் படியேறி வந்தாள். கையில் வண்டிச் சாவி, தோளில் வியர்வைத் துண்டு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள்; ஆபரேட்டரின் மனைவி. தண்ணீர்கூடக் குடிக்காமல் எதிரே உட்கார்ந்து, நாலாக மடித்த காகிதத்தை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, ஆய்வு ஆபீஸ்லேர்ந்து அனுப்பியிருக்காங்க. கம்பெனி என்ன எழுதிச்சோ அதோட காப்பியாம். இதுக்கு நாங்க பதினஞ்சு நாள்ல பதில் குடுக்கணுமாம். எனக்குத் தமிழ்தான் வரும். உங்ககிட்ட காட்டினா நல்லாப் பாத்துச் சொல்லுவீங்கன்னு கீழே சொன்னாங்க."

காகிதத்தை விரித்ததும் தன் கமா அவள் கண்ணில் பட்டது. என்றாலும் படித்துச் சொன்னாள்.

"மூடி கழட்டப்பட்டிருந்துச்சு..."

"யாரு கழட்டினா?"

"அது இதுல இல்லம்மா."

"இல்லைன்னா? தானா கழண்டுச்சா?"

"தானா கழலல. கழட்டப்பட்டிருந்துச்சுன்னுதான் போட்டிருக்கு."

வேன்காரி அவளையே பார்த்தாள். "என்னக்கா இது? சட்டி உடஞ்சுச்சுன்னா யாரு ஒடச்சான்னு எங்க வேன்ல ஏர்ற மூணாங்கிளாஸ் புள்ளகூடக் கேக்கும். இங்கிலீஷ்ல ஆளே இல்லாம வேலை நடக்குமா?"

"நடக்கும்."

"நல்ல பாஷை." சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதான் அந்த ஆபீஸுக்கு விசாரிக்கப் போனப்ப கவுன்ட்டர்ல இருந்தவரு என்கிட்ட அப்படிக் கேட்டாரா? 'உங்க வீட்டுக்காரர் எதுக்கும்மா மூடியைக் கழட்டினாரு'ன்னு கேட்டாருக்கா. எனக்கு அப்படியே ஆடிப்போச்சு. வீட்டுக்கு வந்து அவர்கிட்ட கேட்டேன், 'நீங்களா கழட்டினீங்க'ன்னு. அந்த மனுஷன் ரெண்டு நாளா என்கூடப் பேசல."

கமா அக்கா வாக்கியத்தைத் திரும்பப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு மனிதன்தான் இருந்தான். மூடியை யார் கழற்றினார் என்று தேடிக்கொண்டு போகிற எவருக்கும் முதலில் தட்டுப்படுகிறவன் அவன்தான். வேறு ஆளே இல்லாத அறையில் பானை உடைந்து கிடந்தால் யாரைக் கேட்பார்கள்? கவுன்ட்டர்க்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

"இந்த வாக்கியத்தைச் சரின்னு சொன்னது நான்தான்" என்றாள்.

வேன்காரிக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. கத்துவாள் என்று கமா அக்கா எதிர்பார்த்தாள், கத்தவில்லை.

"நீங்களா?"

"நாலு குடுத்தாங்க. அதுல இதைக் குறிச்சேன். யாருன்னு இல்லையேன்னு கேட்டேன். வேண்டாம்னாங்க. அலுப்புல விட்டுட்டேன்."

வேன்காரி எழுந்தாள். "மூணரைக்குப் புள்ளைங்கள ஏத்தணும். நான் கிளம்பறேன்." காகிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. அதை விரலால் மேசையின் இந்தப் பக்கம் தள்ளிவிட்டாள். "நீங்கதானே எழுதினீங்க. நீங்களே சரி பண்ணுங்க."

அன்று மாலையே மேனேஜரின் அறைக்குப் போனாள். அறிக்கையைத் திருத்தி அனுப்பலாம் என்றாள்.

"போன லெட்டர் போனதுதான் மேடம். ஏன் கிளறணும்? நாம பொய் ஒண்ணும் எழுதலையே."

"பொய் இல்ல சார். ஆனா படிக்கிறவங்க பொய்யா புரிஞ்சுக்கிறாங்க."

"அது படிக்கிறவங்க பிரச்சனை."

"இல்ல சார். இருபத்தி மூணு வருஷமா அதுதான் என் பிரச்சனைன்னு சொல்லி என்னை இங்க உக்கார வெச்சிருக்கீங்க."

மேனேஜர் மேசைமேல் இருந்த காகித எடையை இடமிருந்து வலம் நகர்த்தினார். "வீட்டுக்குப் போங்க மேடம். ரெண்டு பேருமே களைச்சுப்போயிருக்கோம்" என்றார். அதில் பொய் இல்லை.

மறுநாள் ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஆபரேட்டரின் வீட்டுக்குப் போனாள். இரண்டு அறை வீடு. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்திருந்தார். அவர் மனைவி காலை வேன் சுற்று முடித்து வந்து, சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னாள்.

"என்ன நடந்துச்சோ அப்படியே சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் இங்கிலீஷ்ல வரும். நான் எதையும் சேக்க மாட்டேன்."

அவர் மெதுவாகச் சொன்னார். "எட்டேகாலுக்கு சூப்பர்வைசர் வந்தாரு. நாலு போல்ட்டையும் அவரே கழட்டி, மூடியைச் சுவத்துல சாய்ச்சு வெச்சாரு. 'மதியம் வரைக்கும் பாத்து ஓட்டுப்பா'ன்னாரு."

"நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

"சொன்னேன். 'மூடி இல்லாம வேணாமே சார்'னு சொன்னேன். ஆனா..." தயங்கினார். "பாதி வாயிலதான் சொன்னேன்."

பேனா நின்றது. பாதி வாயில் சொன்னதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? சொன்னார் என்றால் நிமிர்ந்து நின்று எதிர்த்த மாதிரி இருக்கும். சொல்லவில்லை என்றால் அது அநியாயம். மூன்று விதமாக எழுதி அடித்தாள். கடைசியில், "சொன்னேன், ஆனால் சத்தமாகச் சொல்லவில்லை" என்று எழுதித் தமிழில் படித்துக் காட்டினாள்.

"அதேதான்" என்றார் அவர். சற்று நேரம் கழித்து, "சூப்பர்வைசர் கெட்டவர் இல்லக்கா. ஆஸ்பத்திரிக்கு என்னைக் கூட்டிட்டு ஓடினதே அவருதான். அதையும் போடுங்க" என்றார்.

அதையும் போட்டாள். எல்லாம் சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் ஆள் நின்றான். அவன் என்ன செய்தானோ அது பின்னால் வந்தது. டைப்பிங் கடையில் இருந்த காலத்துக்குப் பிறகு இவ்வளவு எளிமையாக அவள் எழுதியதே இல்லை. ஆனாலும் ஒரு பக்கம் முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும்போல இருந்தது.

விஷயம் எப்படியோ கசிந்துவிட்டது. இரண்டு நாள் கழித்து, வேலை விட்டுப் போகும்போது பஸ் நிறுத்தத்தில் சூப்பர்வைசர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். கடமுடவென்று பேசுகிற மனுஷர், அன்று குரல் அடியிலிருந்து வந்தது.

"அதுல என் பேர் வருதாக்கா?"

"பேர் வரல. சூப்பர்வைசர்னு வருது."

"கம்பெனியில அந்த ஷிஃப்ட்டுக்கு ஒரு சூப்பர்வைசர்தானே." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "தினமும் கனவுல அந்த மூடி வருதுக்கா. நான் என் இஷ்டத்துக்கா கழட்டினேன்? காலையில மேனேஜர் போன் பண்ணாரு."

"கழட்டச் சொன்னாரா?"

"சொன்ன மாதிரிதான்."

"மாதிரி வேண்டாம் தம்பி. என்ன வார்த்தை சொன்னாரு?"

பஸ் வந்தது. அவர்கள் ஏறவில்லை. அவர் யோசித்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "'மூடியை எல்லாம் பாத்துக்கிட்டு இருக்க நேரமில்ல, சாயங்காலம் லாரி வந்துடும், எப்படியாவது ஓட்டுங்க'ன்னாரு. அவ்வளவுதான்."

அந்தப் பேச்சிலும் ஒரு தெளிவும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. கழற்று என்ற சொல்லே இல்லாமல் கழற்றச் சொல்லியாயிற்று. அதை நேராக்கி, 'மேனேஜர் கழற்றச் சொன்னார்' என்று எழுத அவள் கைக்கு ஒரு நொடி ஆகாது. ஆனால் சொன்னது அது இல்லையே. கைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து, அவர் சொன்னதை அவர் சொன்னபடியே தமிழில் எழுதிக்கொண்டாள். இங்கிலீஷில் மாற்றும்போதும் கோணலாகவே வைத்தாள்.

"நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. பதில் கொடுக்க வேண்டிய கெடுவில் பதினான்காவது நாள் காலையில் படியேறி வந்து, தண்ணீர் பிடித்துக் குடித்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கிப்போனார்.

அவளுடைய கடிதம் தனி. அதை வீட்டில், சாயங்காலம், கணவர் ஒரு ஃப்ரிட்ஜின் முதுகைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது எழுதினாள். எழுதி முடித்து அவருக்குத் தமிழில் சொன்னாள்: "அந்த அறிக்கையின் வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தவள் நான். மூடியை ஆபரேட்டர் கழற்றினார் என்று அதற்குப் பொருள் இல்லை. கழற்றியவர் யார் என்பது அதில் விடப்பட்டிருக்கிறது." இங்கே நிறுத்தி, "ச்சே" என்று அடித்துவிட்டு, "கழற்றியவர் யார் என்பதை நான் விட்டேன். தெரிந்தே விட்டேன்" என்று மாற்றினாள்.

கணவர் திருகுளியைக் கீழே வைத்தார். "கடைசி வரி வேணுமா? அது இல்லாமலே விஷயம் புரியுதே."

"புரியுது."

"வேலை போயிடும்டி."

"போகாது. இந்த வயசுல என்னை அனுப்பினா ஏன் எதுக்குன்னு கேள்வி வரும். ஓரமா வெப்பாங்க."

கணவர் எழுந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு போய், டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். அவள் அப்படியே குடித்தாள்.

காகிதங்கள் மூன்றும் போய்ச் சேர்ந்த பின், ஆய்வு அலுவலகத்தின் சின்ன அறையில் விசாரணை நடந்தது. ஆய்வாளர் நாற்பது வயதுப் பெண்மணி; எதிரே மேனேஜர், சூப்பர்வைசர், ஆபரேட்டரும் அவர் மனைவியும், ஓரத்தில் இவள். ஆய்வாளர் இவளிடம் ஆங்கிலத்தில் கேட்டார். எழுதினால் ஆறாக ஓடுகிற ஆங்கிலத்தில் இரண்டு சொல் வந்தது; மூன்றாவது வரவில்லை.

"தமிழ்லயே சொல்லுங்கம்மா" என்றார் ஆய்வாளர்.

சொன்னாள். நாலு வாக்கியம் வந்தது, நாலாவதைக் குறித்தேன், கேட்டேன், விட்டேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிறகு ஆய்வாளர் மேனேஜரிடம் திரும்பினார். மேனேஜர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே, "ஆர்டர் அவசரத்துல அந்த நேரத்துக்கு ஒரு முடிவு எடுக்கப்பட்டுச்சு மேடம்" என்றார்.

"யாரால?"

மேனேஜர் எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். ஆபரேட்டரின் கைக்கு வந்ததும் பார்வை நின்றது.

"நான்தான்" என்றார்.

வெளியே வந்தபோது வேன்காரி அவளுக்காகக் காத்திருந்தாள். பக்கத்தில் ஆபரேட்டர், சட்டைப் பொத்தானை ஒற்றைக் கையால் போட்டுக்கொண்டிருந்தார்.

"அக்கா, நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரல. தப்பா எடுத்துக்காதீங்க. மொதல்லயே இதை எழுதியிருந்தா, நாங்க இந்தப் படியை ஏறியிருக்கவே வேண்டாம்."

"ஆமா" என்றாள் கமா அக்கா. வேறு எப்படிச் சொன்னாலும் அது இதைவிடத் தெளிவாக இருக்காது.

முடிவு வர இரண்டு மாதம் ஆயிற்று. நிர்வாகத்தின் பேச்சைக் கேட்டு சூப்பர்வைசர் மூடியைக் கழற்றியதாகவும், ஆபரேட்டர்மேல் தவறில்லை என்றும் ஆய்வாளர் எழுதினார். ஆபரேட்டருக்குச் சேர வேண்டியது சேர்ந்தது. ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுத்தார்கள். சூப்பர்வைசரைப் பதினைந்து நாள் நிறுத்தி வைத்தார்கள்; அவர் திரும்பி வராமல் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மேனேஜர் அதே நாற்காலியில்தான் இருக்கிறார். மெஷினுக்குப் புதுவிதமான மூடி வந்தது. அதைத் திறந்தால் கத்தி தானாக நின்றுவிடும்.

அவள் சொன்னதுபோலவே அவளை ஓரமாக வைத்தார்கள். மேனேஜர் நேரில் வந்து, "இனிமே லெட்டரெல்லாம் கம்ப்யூட்டரே திருத்திடும் மேடம், உங்களுக்கும் கண்ணு பாவம்" என்று மரியாதையாகச் சொன்னார். லேபிள் அறைக்கு மாற்றினார்கள். பெட்டியின்மேல் அச்சாகும் சொற்களைச் சரிபார்க்கும் வேலை. இந்தப் பக்கம் மேலே. நனையக் கூடாது. கண்ணாடி, கவனம். எதிலும் மூன்று நாலு சொற்களுக்கு மேல் இல்லை. பிழை வருவதற்கு அங்கே இடமே கிடையாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்கிறாள்.

முதல் வாரம் வீட்டுக்கு வந்ததும் முன்னறை நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள். கணவர் கேட்டார், "வருத்தமா இருக்கா?"

அவள் யோசித்தாள். "வருத்தம்னு சொல்ல முடியாது. அலுப்பா இருக்கு."

"சாப்பிட்டுட்டுப் படு."

சாப்பிட்டாள். வாசலில் பக்கத்து வீட்டுப் பெண் ஒரு காகிதத்தோடு எட்டிப் பார்த்தாள். கணவர் கையைக் காட்டி, நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அவள் அதற்குள் தூங்கிப்போயிருந்தாள், கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை.